மாரிசாமி வீட்டுக் கூரை

மதுஷாவுக்குச் சம்பளம் கொடுப்பதே வீடுகளுக்குள் காற்றுப் போகிற வழியை வரைவதற்குத்தான். மெல்பர்னில் எவனோ ஒருத்தன் புது வீடு கட்டுவான். அவன் வீட்டுப் படம் கொழும்புக் கம்பெனிக்கு வரும். அங்கிருந்து நமுனுகுல மலைச்சரிவில், தோட்டத்து வீட்டின் நடு அறையில், லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும் இவளுக்கு வரும். எந்தச் சுவருக்குள் டக்ட் என்கிற காற்றுக்குழாய் ஏற வேண்டும், எங்கே வளைய வேண்டும், படுக்கையறைக்கு எவ்வளவு காற்று இறங்க வேண்டும், குசினிக் காற்று எந்தப் பக்கமாய் வெளியே ஓட வேண்டும், எல்லாம் இவள் போடுகிற கோடுதான். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அங்கே தகட்டை வெட்டி மடித்துக் குழாய் செய்கிறார்கள்.

அப்படிப்பட்டவளின் சொந்த வீட்டுக் குசினியில் புகை வெளியேற ஒரு வழி கிடையாது. வெட்கக்கேடு! வெளியில் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

வழி இல்லாமல் போனது மேசனின் குற்றமும் இல்லை, பிளான் வரைந்தவனின் குற்றமும் இல்லை. பிளானில் புகைக்கூடு ஒழுங்காகத்தான் இருந்தது. ஏழு பேர்ச் காணியில் ஹால், இரண்டு அறை, குசினி, குசினியின் மூலையில் கூரையைத் தாண்டி மேலே போகும் புகைக்கூடு. அதைப் பார்த்ததும் மதுஷாவின் அப்பா மாரிசாமி மேசனிடம், "இது என்னாங்க கூரையில ஓட்டை? வேணாம், அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். மேசனுக்கு என்ன வந்தது? ஒரு வேலை மிச்சம். பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, நீல நிறக் கூரை ஷீட்டுகளை ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் அடித்துக் கொடுத்துப் போய்விட்டான். மதுஷா அப்போது கொழும்பில் ஹாஸ்டலில் இருந்தாள். வீடு குடிபுகுந்த அன்று வந்து பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, புகைக்கூடு எங்கப்பா?"

"மேல பாரு பாப்பா. ஒரு ஓட்டை இருக்கா பாரு. ஒரு ஊசி ஓட்டை காட்டு பாப்பம்!"

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அன்றைக்கு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ஏனென்றால் அவர்கள் முன்பு குடியிருந்த லயத்துக் காம்பராவை, தோட்டத்து வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையை, அவளுக்கும் தெரியும். துருப்பிடித்த தகரத்துக்கு மேல் கல்லும் உரப்பையும் ஏற்றிவைத்த கூரை. மழை இறங்கினால் எந்த இடத்தில் சொட்டும், எப்போது சொட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மாரிசாமி கொட்டுகிற மழையிலேயே தார் டின்னைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவார். கீழே நின்று அம்மா ஜெயலெட்சுமி, "வழுக்கி விழுந்து சாகப் போறீங்க, எறங்குங்க!" என்று கத்துவாள். ஒரு ஓட்டையை அடைத்துவிட்டு இறங்கி வந்தால் பக்கத்தில் இன்னொன்று சொட்டும். அதற்குக் கீழே வைப்பதற்கென்றே ஓர் அலுமினியப் பேசன் இருந்தது, நசுங்கிப்போய், ஒரு காது உடைந்து.

புது வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது மாரிசாமி அந்தப் பேசனைத் தூக்கி வெளியே எறிந்தார். "இந்தச் சனியன் என் வாசப்படி ஏறக் கூடாது!" என்றார். ஜெயலெட்சுமி அதை எடுத்துச் சேலைக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்து, வெங்காயம் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். நல்ல பாத்திரத்தை யாராவது எறிவார்களா என்பது அவள் கட்சி.

புது வீட்டில் முதல் மழை பெய்தபோது மாரிசாமி ஹாலின் வெறுந்தரையில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. மனிதர் ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி சிரித்தார்.

சரி, மழை உள்ளே வரவில்லை. புகை எப்படி வெளியே போகும்?

கேஸ் அடுப்பு இருந்தது. மதுஷா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. ஜெயலெட்சுமி அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து, துணிக்கு மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தாள். பற்றவைக்க மட்டும் மாட்டாள். "அது வெடிச்சி யார் யாரோ செத்துப் போனாங்களாம், டிவில காட்டுனான்." சரி, பயம் என்றால் சொல்லிப் புரியவைக்கலாம். அது முடிந்ததும் அடுத்தது: "கேஸ்ல சுட்ட ரொட்டி ரொட்டியா அது? பச்சை மாவு." அதுவும் முடிந்ததும்: "தேயிலையில கவ்வாத்து வெட்டுன மிலாறுக் குச்சி மலையா குமிஞ்சி கெடக்கு. சும்மா கெடைக்கிற வெறகை விட்டுட்டு கேஸுக்குக் காசு குடுக்க நான் என்ன தொரை வீட்டு அம்மாவா?" இந்த அம்மாவோடு பேசி ஜெயிக்க ஆள் இனித்தான் பிறக்க வேண்டும்.

அதனால் விறகடுப்புத்தான். ஜன்னல் புதிது, கதவு புதிது, ஒரு இடுக்கு கிடையாது. முதல் மழை முடிந்த கையோடு மாரிசாமி ஆசை ஆசையாய்ச் சீலிங்கும் அடித்துவிட்டார். அடுப்புப் பற்றவைத்த சிறிது நேரத்தில் குசினியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஜெயலெட்சுமிக்கு ஏற்கெனவே கொஞ்சம் இழுப்பு உண்டு. அதனால்தான் கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். புது வீட்டுக்கு வந்த பிறகு அந்த இழுப்பு ஒரேயடியாய்க் கூடிப்போனது. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டர் சுலோஜனா, யாழ்ப்பாணத்துக்காரி, கண்டிப்பானவர், முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, இனிப் புகைக்குள்ள இருக்கக் கூடாது. இப்பிடியே போனா ஒருநாளைக்கு மூச்செடுக்கேலாமல் போயிடும். விளங்குதே?" என்றார். விளங்குது என்று ஜெயலெட்சுமி பயபக்தியாய்த் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மதுஷா அன்றைக்கே படம் வரைய உட்கார்ந்தாள். சின்னக் குசினி, ஒரே ஒரு அடுப்பு. மெல்பர்ன் மாளிகைக்கே வரைகிறவளுக்கு இது ஒரு வேலையா? அடுப்புக்கு மேலே ஒரு தகரக் கூடாரம், அதிலிருந்து நேராக மேலே ஒரு குழாய், சீலிங்கைத் துளைத்து, ஷீட்டைத் துளைத்து, கூரைக்கு மேலே எழும்பி நிற்கும். உச்சியில் ஒரு தொப்பி. படத்தைக் கலரில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் வைத்தாள்.

மாரிசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரல் குழாயோடு மேலே மேலே போய் ஓர் இடத்தில் நின்றது.

"இது கூரைதானே?"

"ஆமாப்பா. அந்த எடத்துல கொஞ்சம் வெட்டி..."

"வெட்டியா!"

அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றினார், எழுந்தார். "என் உசுரு இருக்கிற வரைக்கும் இந்தக் கூரையில எவனும் கை வைக்கக் கூடாது. ஒனக்குத் தெரியாது பாப்பா, ஒரு ஓட்டை போட்டா போதும், தண்ணி அதைப் புடிச்சிக்கும். அப்புறம் ஒன்னு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். மறுபடியும் என்னால தார் டின்னைத் தூக்க முடியாது."

"சுத்திவர காலர் போட்டு சீல் பண்ணுவோம்பா. ஒரு சொட்டு வராது. நான் படிச்சது இதைத்தானேப்பா!"

"படிச்சதை வெள்ளைக்காரன் வீட்டுல காட்டு."

சரி, சுவர் வழியாய்ப் போகலாம். குசினிக்கு இரண்டே வெளிச்சுவர். பின்பக்கம் வெட்டிய மண்மேடு, கையை நீட்டினால் தொடலாம். பக்கச்சுவர்தான் பாக்கி. அதில் புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு மின்காற்றாடி பூட்டினாள். சாயங்காலம் ஆனால் நமுனுகுல மலையிலிருந்து இறங்குகிற காற்று நேராக வந்து அந்தச் சுவரில்தான் மோதும் என்பது படத்தில் இல்லையே! காற்றாடி வெளியே தள்ள, மலைக்காற்று உள்ளே தள்ள, நடுவில் புகை போக்கிடம் தெரியாமல் அம்மாவின் மூக்குக்கே வந்தது. இது போதாதென்று சாரல் அடித்தால் அந்த ஓட்டை வழியாகத் தூறல் உள்ளே வந்துவிடுகிறது என்று மாரிசாமி உரப்பையை மடித்து அடைத்துவிட்டார். காற்றாடி உரப்பைக்குள் சுற்றியது.

மூன்றாவது படத்தில்தான் மதுஷா தப்புச் செய்தாள். தெரிந்தே செய்த தப்பு. குழாயை அடுப்புக்கு மேலே கொஞ்சம் ஏற்றி, சீலிங்குக்கு மேலே படுக்கப்போட்டு, அப்பாவின் அறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, முன்பக்கச் சுவரின் முக்கோணத்தில் வெளியே விடுவது. கூரையில் கை வைக்கவில்லை. மாரிசாமிக்குப் பரம திருப்தி. "இதுதான் படிச்ச புள்ளைக்கு அழகு" என்றார். விறகடுப்புப் புகை மேலே ஏறும், இப்படிப் படுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போகாது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வரைந்தாள். அப்பாவோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி மண்டை காய்ந்துபோய், ஏதாவது ஒன்றுக்கு அந்த மனுசன் தலையாட்டினால் போதும் என்று ஆகிவிட்டது.

குழாய் செய்ய பதுளை பஜாரில் தகர வேலை செய்யும் வாஹித் நானாவைப் பிடித்தாள். அவர் படத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரயில் ரோட்டு மாதிரி இருக்கே மகள்! தெமோதரை வரைக்கும் போகுதா?" என்று கேட்டார். கிண்டலுக்குக் குறைவில்லை. சாமான் சொன்ன நாளில் வரத்தான் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்து, ஒருவழியாய்க் கொண்டுவந்து பூட்டினார். ஹாலுக்கு மேலே இரண்டு துண்டு சேருகிற இடத்தில் பசை போட மறந்துவிட்டார்.

அது தெரிந்தது மறுநாள் காலையில். மதுஷா மெல்பர்ன் வீட்டுப் படத்தை விளக்கிக்கொண்டு கம்பெனிக் கூட்டத்தில் இருந்தாள். கேமரா போட்டிருந்தது. கொழும்பிலிருந்து அவளுடைய மேலாள் நஸ்மியா திடீரென்று, "மதுஷா, உங்கட பின்னுக்கு என்ன அது? வீட்டுல நெருப்பா?" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் சீலிங்கில் பல்பு மாட்டிய துவாரத்திலிருந்து புகை பொசுபொசுவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது! ஹாலிலும் அப்படியே. சாமி தட்டுக்கு மேலேயும் அப்படியே. குசினியில் மட்டும் இருந்த புகையைப் படம் வரைந்த மகாராணி எல்லா அறைக்கும் சரிசமமாய்ப் பங்குவைத்துக் கொடுத்திருக்கிறாள்!

நஸ்மியா பிறகு தனியாகப் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். "அல்லாஹ்வே, இதையா கீறினீங்க? இதை ஒரு கஸ்டமருக்குக் கீறியிருந்தா நான் உங்களை அன்டைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"எங்க வீட்டுக்குத்தான் கீறினேன், நஸ்மியா. எங்க அப்பாவுக்குக் கீறினேன்."

"அப்பாவுக்கா கீறினீங்க? மூச்சு முட்டுறது அம்மாவுக்குத்தானே?"

மதுஷாவுக்குக் கோபம் கோபமாய் வந்தது. நஸ்மியா மேல் இல்லை. லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

ஆச்சரியம் என்னவென்றால், அதற்கப்புறம் புகை நின்றுவிட்டது. வாஹித் நானா வந்து அந்த இடத்தில் பசை போட்டுவிட்டுப் போனார், அது உண்மை. பசை போட்டால் கசிவுதான் நிற்கும், படுத்துக்கிடக்கிற குழாயில் புகை போகாதே என்று மதுஷா தலையைச் சொறிந்தாள். ஆனால் வீட்டில் புகை இல்லை. மத்தியானம் சோறு, பருப்பு, கறி எல்லாம் சுடச்சுட இருந்தது. மாரிசாமி சாப்பிட்டுக்கொண்டே, "பாத்தியா? ஓட்டை போடாமலே சரியாயிருச்சி. நீ என்னமோ குதிச்சே" என்றார். ஜெயலெட்சுமி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆமாங்க, இப்ப சரியாயிருச்சி" என்றாள். சொல்லும்போது மூச்சு வாங்கியது.

மதுஷா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தால் வெளியில் இடி விழுந்தாலும் கேட்காது. மாரிசாமி காலையிலேயே கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோருக்குப் போய்விடுவார். அங்கே மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் அவருக்கு வேலை. நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றாடியால் காற்று விட வேண்டும். காற்று எல்லா இடத்திலும் ஒரேபோல் ஏறுகிறதா என்று கொழுந்துக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். அந்த விஷயத்தில் மாரிசாமியின் கையை ஸ்டோரில் எல்லோரும் நம்புவார்கள். இப்படி ஆளுக்கொரு பக்கம் இருக்க, ஜெயலெட்சுமி பகலில் எங்கே போகிறாள், எங்கே வருகிறாள் என்று யார் பார்த்தது?

ஒருநாள் மதுஷாவின் கம்பெனிக் கூட்டம் பாதியிலேயே முடிந்துவிட்டது. தேத்தண்ணி குடிக்கலாம் என்று மதுஷா குசினிக்குப் போனாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சாம்பல்கூடப் பழைய சாம்பல். அம்மா இல்லை. அம்மா இழுப்பு வந்தால் வாயில் அடித்துக்கொள்கிற பம்பு மட்டும் ஜன்னல் கட்டையில் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. பம்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

தேயிலைக்கு நடுவே பழைய லயத்துக்கு இறங்குகிற படிக்கட்டில், பாதியில், ஜெயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் கறிச்சட்டி, இரண்டும் துணியால் இறுக்கிக் கட்டியபடி. ஒரு பருக்கை சிந்தவில்லை. அவளுக்குத்தான் மூச்சு இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள், காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அம்மா! ஐயோ, அம்மா!"

பம்பை வாயில் வைத்து அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். கத்தி ஆளைக் கூப்பிட்டாள். ஆட்டோ ஓட்டும் ஜெயகுமார் ரோட்டிலிருந்து ஓடிவந்தான். இரண்டு பேருமாய்த் தூக்கும்போதுதான் மதுஷா கீழே பார்த்தாள். ஆட்கள் காலி பண்ணிவிட்டுப்போன லயத்தில், தங்கள் பழைய காம்பராவின் கூரையிலிருந்து, அத்தனை ஓட்டையிலிருந்தும், புகை நூல் நூலாய் மேலே போய்க்கொண்டிருந்தது. எந்தத் தடையும் இல்லாமல், நேராக, அழகாக. அந்தத் தோட்டத்திலேயே புகைக்கு ஒழுங்கான வழி இருந்த இடம் அதுதான்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டு, குழாய் வழியாய்ப் புகைபோல மருந்து விட்டார்கள். டாக்டர் சுலோஜனா வந்து பார்த்தார். மதுஷாவைத் தனியே கூப்பிட்டு, "புகை ஆகாதெண்டு போனமுறையே சொன்னனான் எல்லோ, பிள்ளை? வீட்டில ஒரு புகைக்கூடு வைக்கேலாதோ? அதென்ன பெரிய வேலையோ?" என்று கேட்டார். பெரிய வேலையா என்று மதுஷாவைக் கேட்கிறார்! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வைக்கிறேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

மாரிசாமி வேலை உடுப்போடு, தலையெல்லாம் தேயிலைத் தூசியோடு ஓடிவந்தார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். மகளிடம் திரும்பி, "ஏன் பாப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார்.

அதுதான் மதுஷாவுக்குத் தாங்கவில்லை.

"சொல்லலியா? நான் சொல்லலியா? கலர்ல அச்சடிச்சில்ல கொண்டாந்து காட்டினேன்! கூரை, கூரை, கூரை! ஒங்களுக்குக் கூரைதானே முக்கியம்? ஸ்டோர்ல கொழுந்துக்குக் காத்து போகுதான்னு கையை வெச்சி வெச்சிப் பாக்குறீங்களே, என்னைக்காவது அம்மாவுக்குக் காத்து போகுதான்னு பாத்தீங்களா? கொழுந்துக்கு இருக்கிற மரியாதைகூட இந்த மனுசிக்கு இல்லையாப்பா?"

வார்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. மாரிசாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"ஏன் புள்ள அங்க போய்ச் சமைச்சே? அந்தப் பாழடைஞ்ச காம்பராவுக்கு?"

ஜெயலெட்சுமி மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினாள். "அங்கதான் கூரை ஓட்டையாச்சேங்க. பொகை போயிருது." மூச்சு வாங்கிவிட்டு, "ஒங்க கூரையில ஓட்டை போடச் சொல்ல எனக்கு மனசு வரல" என்றாள். மாஸ்க்கைத் திரும்பவும் மூக்கில் வைத்துக்கொண்டாள்.

மாரிசாமி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. தோள் குலுங்கியது. அப்பா அழுது மதுஷா பார்த்ததில்லை. இவ்வளவு நாளாய்ச் சேர்ந்த கோபத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், மாரிசாமி லீவு போட்டுவிட்டுக் குசினியில் நின்றார். "அந்தப் படத்தை எடுத்தா. மொதல்ல காட்டுனியே, அது." மதுஷா கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க வெட்டணும்? கோடு போட்டுக் காட்டு."

வாஹித் நானா இந்தமுறை சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கதை பஜார் வரைக்கும் போயிருந்தது. கத்தரியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறப் போனவரை மாரிசாமி தடுத்தார். "நீங்க புடிச்சிக்கிங்க நானா. நானே வெட்டுறேன். வேற ஆளு வெட்டுனா எனக்குத் தாங்காது." ஏறினார். நீல ஷீட்டில் மதுஷா போட்ட வட்டத்தில் கத்தரியை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. கீழேயிருந்து மதுஷா, "அப்பா, நான் சத்தியமா சொல்றேன். காலர் போட்டு, பசை போட்டு, ஒரு சொட்டு உள்ள வராது. வந்தா நான் இந்த வேலையையே விட்டுர்றேன்" என்று கத்தினாள். கிரீச் என்று தகடு வெட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

குழாய் பூட்டி முடிந்ததும் ஜெயலெட்சுமியைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்கள். மிலாறு சடசடவென்று பிடித்தது. புகை ஒருமுறை சுற்றிவிட்டு, கூடாரத்துக்குள் நுழைந்து, மேலே போய்விட்டது. மாரிசாமி உள்ளங்கையை விரித்துக் குழாய்க்குக் கீழே கொண்டுபோனார், ஸ்டோரில் செய்வதுபோலவே. நெருப்பின் சூடு பட்டும் கையை எடுக்கவில்லை. "போகுது" என்றார். "நல்லாப் போகுது பாப்பா."

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, மலையையே கரைத்துவிடுகிற மாதிரி மழை. மாரிசாமி குசினிக்கு வந்து பலகையைப் போட்டுக் குழாய்க்கு நேரே உட்கார்ந்துவிட்டார். கண் மேலேயே இருந்தது. மதுஷாவுக்கு வேலை ஓடவில்லை. அவளும் வந்து கதவோரம் நின்றாள். ஜெயலெட்சுமி மட்டும் யாரையும் கவனிக்காமல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

டக்.

அடுப்புக்குப் பக்கத்தில், சிமெந்து மேடையில், ஒரு சொட்டு.

மதுஷா மேலே பார்த்தாள். குழாய் சீலிங்கைத் துளைத்துப் போகிற ஓரத்தில் இன்னொரு சொட்டு திரண்டு தொங்கியது. டக். ஐயோ, கடவுளே, இந்த ஒரு வீட்டில்தானா இப்படி ஆக வேண்டும்! "அப்பா, அது ஷீட்டு சரிவு, பசை இன்னும் நல்லாக் காயல... நான் இப்பவே ஏறி சரி பண்ணிர்றேன்பா, அந்தப் பசை டியூப் எங்க வெச்சேன்..." வாய் ஒரு பக்கம் உளற, கை ஒரு பக்கம் அலமாரியைக் குடைந்தது. டியூபை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். மழை முகத்தில் அறைந்தது.

மாரிசாமி எழுந்தார். அவளைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார். "மழையில யாராவது கூரையில ஏறுவாங்களா? பைத்தியமா ஒனக்கு?" என்றார். பிறகு அறைக்குள் போனார். வெங்காயம் தரையில் உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்தப் பேசன் இருந்தது, ஒரு காது உடைந்த அதே பேசன். அது வீட்டில் இருப்பது அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. சொட்டுகிற இடத்தைப் பார்த்து, சரியாக அதன் கீழே, மேடைமேல் வைத்தார். டங்.

"அங்க வெச்சா நான் எப்பிடி மாவு தட்டுறது? கொஞ்சம் தள்ளி வைங்க" என்றாள் ஜெயலெட்சுமி. ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.

மாரிசாமி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேசனைக் கொஞ்சமாய்த் தள்ளிவைத்துவிட்டு, பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டை நீட்டினார்.

"மழை விட்டதும் பாக்கலாம். ரொட்டியப் போடு."